வெருட்டுப் பந்து: ‘ஆக்ரோஷம்’ ஏன் பொருந்தாது

வேகப்பந்து வீச்சாளர் மட்டையாளரின் விலாவைப் பார்த்துப் பந்தைக் குத்தி எழுப்புகிறார். வருணனையாளர் உடனே “ஆக்ரோஷமான பந்துவீச்சு!” என்கிறார். ஐபிஎல் மாதங்களில் சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலை உணவுக்கடைகளில் ஓடும் தொலைக்காட்சிகளிலிருந்து இந்தச் சொல் ஓயாமல் வந்து விழுகிறது. மறுநாள் செய்தியிலும் இதே சொல்தான். இது தவறான சொல் என்று யாராவது எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆங்கிலத்தில் இங்கே இரண்டு சொற்கள் உண்டு. ‘அக்ரெஷன்’ லத்தீனிலிருந்து வந்தது. ஒருவரை நோக்கி அடியெடுத்து வைப்பது என்பது அதன் மூலப்பொருள். ‘இன்டிமிடேஷன்’ என்பதும் லத்தீன்தான். ஒருவரை அச்சத்துக்குள் தள்ளுவது. கிரிக்கெட்டில் இரண்டும் ஒன்றல்ல. மட்டையாளருக்குப் பின்னால் ஸ்லிப்பில் நான்கு பேரை நிறுத்தி, ஸ்டம்பைக் குறிவைத்தே வீசிக்கொண்டிருந்தால் அது முதலாவது வகை. உடம்பைக் குறிவைத்து, அடுத்த பந்து எங்கே வருமோ என்று மட்டையாளரின் கால் தானாகப் பின்வாங்கும்படி செய்தால் அது இரண்டாவது. நம் வருணனைத் தமிழ் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘ஆக்ரோஷம்’ என்று பெயர் ஒட்டிவிட்டது.

ஆக்ரோஷம் வடசொல். கூவுதல், கத்துதல் என்பது அதன் வேர்ப்பொருள். உரக்கத் திட்டுவது, சபிப்பது என்பது பழைய வழக்கு. தமிழுக்கு வந்து கடுங்கோபம் என்று நிலைத்துவிட்டது. வடசொல் என்பதற்காக நான் அதை விரட்டவில்லை. அது தவறான ஆளின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் என் குறை. கோபம் வீசுபவரின் முகத்தில் இருப்பது. அச்சம் எதிரே நிற்பவரின் வயிற்றில் பிறப்பது. நாம் பெயர் வைக்க வேண்டியது இரண்டாவதற்கு.

மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர் மைக்கேல் ஹோல்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஓடிவரும் காலடி நடுவர்களின் காதில்கூட விழாது. அதனால்தான் ‘கிசுகிசுக்கும் மரணம்’ என்ற பொருளில் அவருக்குப் பட்டப்பெயர் வந்தது. 1976இல் ஜமைக்காவின் சபீனா பார்க்கில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் இந்திய அணிக்குப் போட்ட பந்துகளில் அன்ஷுமன் கெய்க்வாட் காதருகே அடிபட்டார், குண்டப்பா விஸ்வநாத்தின் விரல் உடைந்தது, பிரிஜேஷ் படேலுக்கு வாயில் அடி. இந்தியாவின் இரண்டாம் இன்னிங்ஸ் 5 விக்கெட்டுக்கு 97 ஓட்டங்களோடு முடிந்துபோனது. மீதி ஐந்து பேர் ஆடவே இறங்கவில்லை. இதில் கத்தல் எங்கே இருக்கிறது?

அதே அணியின் ஆண்டி ராபர்ட்ஸின் முகத்தில் எதையுமே படிக்க முடியாது. அவரிடம் இரண்டு வகை பவுன்சர், அதாவது குத்தி நெஞ்சுக்கும் தலைக்கும் எழும் பந்து, இருந்தது. முதலில் கொஞ்சம் மெதுவான ஒன்று. மட்டையாளர் அதை அடித்துவிட்டு, இவ்வளவுதானா என்று துணிவார். அப்புறம் அதே ஓட்டம், அதே கைவீச்சு, ஆனால் பந்து வேறு வேகம். கோபத்தில் இருப்பவரால் இப்படிக் கணக்குப் போட முடியாது. பிற்காலத்தில் அதே அணிக்கு வீசிய கர்ட்லி அம்புரோஸும் அப்படித்தான்: பேச்சு கிடையாது, ஒரு பார்வை மட்டும். இன்னும் முன்னால் போனால், 1932-33இல் ஆஸ்திரேலியாவில் ஹெரால்ட் லார்வுட்டை வைத்து, உடம்பைக் குறிவைத்து வீசும் ‘பாடிலைன்’ திட்டத்தை நடத்திய இங்கிலாந்து அணித்தலைவர் டக்ளஸ் ஜார்டின். வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட அச்சமூட்டும் பந்துவீச்சு அது. அதன் பின்னால் இருந்தது குளிர்ந்த மூளை.

ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி முறைத்தாரே, இங்கிலாந்தின் ஃபிரெட் ட்ரூமன் வாய்க்கு வந்தபடி பேசினாரே என்று கேட்கலாம். சரி, பேசினார்கள். அந்தப் பேச்சை ஆக்ரோஷம் என்று சொல்லுங்கள், மறுப்பில்லை. எதிரணி விக்கெட் விழும்போது விராட் கோலி கத்துவாரே, அதற்கும் அது கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ஒரு மட்டையாளரை ஆட்டிவைப்பது மணிக்கு 145 கிலோமீட்டரில் வந்து நெஞ்சுக்கு எழும்பும் பந்து. அரை நொடிகூட இல்லை அவருக்கு. அந்தப் பந்துக்குக் கோபம் தெரியாது.

இதைவிட மோசமான ஒன்றும் இப்போது பரவுகிறது: ‘ஆக்கிரமிப்புப் பந்துவீச்சு’. இது இயந்திர மொழிபெயர்ப்பின் கொடை. இதற்கு வக்காலத்து வாங்குபவர்களும் இருக்கிறார்கள். லத்தீனிலும் ‘அடியெடுத்து வைத்தல்’, வடமொழியிலும் ‘அடியெடுத்து வைத்தல்’, ஆகவே இதைவிடத் துல்லியமான இணைச்சொல் ஏது என்கிறார்கள். வேரைத் தோண்டிக் காட்டினால் போதாது. தமிழ் வாசகருக்கு ஆக்கிரமிப்பு என்றால் ஏரியை ஆக்கிரமிப்பது, நடைபாதையை ஆக்கிரமிப்பது, நாட்டை ஆக்கிரமிப்பது. இடத்தைப் பிடுங்கிக்கொள்ளும் பொருள்தான் அதில் உயிரோடு இருக்கிறது. சிங்கப்பூரில் பல எழுத்துகள் முதலில் ஆங்கிலத்தில் பிறந்து, அப்புறம்தான் தமிழாகின்றன. மாற்றித் தருபவர் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தாலே இந்தச் சொல் தொண்டையில் சிக்கும். படித்துப் பார்ப்பதில்லை. அதுதான் வருத்தம்.

தூய தமிழ் ஆர்வலர்கள் மேலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எல்லாருக்கும் புரியும் பவுன்சரை ‘எகிறுபந்து’ ஆக்கப் பாடுபடுகிறார்கள். பவுன்சர் பாட்டுக்கு இருக்கட்டும். அது ஒரு பொருளின் பெயர், யாரையும் குழப்பவில்லை. குழப்புகிற ஆக்ரோஷத்தை அவர்களே கூசாமல் எழுதுகிறார்கள்.

சரி, மாற்று என்ன? முதலாவதான அக்ரெஷனுக்குப் புதுச்சொல்லே வேண்டாம். மட்டையாளரை ‘அடித்து ஆடு’ என்கிறோமே, அதேபோல வீச்சாளர் ‘தாக்கி வீசுகிறார்’. பெயர்ச்சொல்லைக் கட்டிக்கொண்டு அழாமல் வினையாகச் சொன்னால் தமிழ் தானாக நடக்கும்.

இரண்டாவதான இன்டிமிடேஷனுக்கு ‘அச்சுறுத்தல்’ என்பார்கள். அது இன்று அறிக்கைத் தமிழாகிவிட்டது: வெள்ள அச்சுறுத்தல், பயங்கரவாத அச்சுறுத்தல். இன்னும் வராத ஆபத்தின் பெயர். ‘மிரட்டல்’ நல்ல சொல்தான். மாடு மிரள்வதை அறிந்தவருக்கு அதன் பொருள் சட்டென்று விளங்கும். ஆனால் விளையாட்டுப் பக்கங்கள் அதைத் தேய்த்துவிட்டன. மூன்று விக்கெட் எடுத்த சுழற்பந்து வீச்சாளரும் ‘மிரட்டல்’ என்றால், லார்வுட்டுக்கு என்ன மிச்சம்?

என் தெரிவு ‘வெருட்டு’. வெரு என்றால் அச்சம். உருள்–உருட்டு, புரள்–புரட்டு போல, வெருள்–வெருட்டு. வெருள்பவர் மட்டையாளர், வெருட்டுபவர் வீச்சாளர். யாருக்கு என்ன நேர்கிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது. பழைமையும் உண்டு: திருக்குறளின் 57ஆம் அதிகாரம் ‘வெருவந்த செய்யாமை’, மக்கள் அஞ்சும்படியானவற்றை ஆள்பவர் செய்யாதிருத்தல். அகராதியில் தூங்கும் சொல்லும் அல்ல இது. யாழ்ப்பாணத் தமிழர் “சும்மா வெருட்டாதை” என்று இன்றும் வீட்டில் சொல்கிறார்கள். பாலஸ்டியர் சாலையில் சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப்பை வளர்த்து இந்தச் சிங்கப்பூர்த் தீவில் கிரிக்கெட் ஆடிய குடும்பங்களின் சொல் அது. நம் ஊருக்குள்ளேயே இருப்பதை விட்டுவிட்டு எங்கோ தேடுகிறோம்.

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்குப் புரியாது என்று ஒரு நண்பர் தடுத்தார். வெருண்டோடுவது எந்த ஊர்த் தமிழருக்குப் புரியாது?

இந்தச் சொல்லால் கிரிக்கெட் சட்டத்தையும் தெளிவாகச் சொல்ல முடியும். 1980இல் வந்த விதித்தொகுப்பு, மட்டையாளரை வெருட்டும் முயற்சியென்று நடுவர் கருதினால், பாதி வழியிலேயே குத்தி எழும் வேகமான குட்டைப் பந்துகள் முறையற்றவை என்றது. 1991இல் ஒரு மட்டையாளருக்கு ஓவருக்கு ஒரு பவுன்சரே என்று உலகக் கிரிக்கெட்டை நிர்வகிக்கும் ஐசிசி கட்டுப்படுத்தியது. 1994இல் ஓவருக்கு இரண்டாகத் தளர்த்தியது. இந்த வாக்கியங்களில் ‘வெருட்டும்’ இருந்த இடத்தில் ‘ஆக்ரோஷமான’ என்று போட்டுப் படியுங்கள். கோபப்படுவதை ஐசிசி எந்த ஆண்டிலும் ஓவருக்கு இத்தனை முறை என்று அளந்து கொடுக்கவில்லை.