உங்கள் சர்வரில் எத்தனை நேர அட்டவணைகள் இருக்கின்றன?

நம் ஊர் மென்பொருளாளர்களிடம் நேர வலயத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டால் போதுமே!" நாடு முழுவதற்கும் ஒரே நேரம். கோடை வந்தால் கடிகாரத்தைத் திருப்பும் வழக்கமும் நமக்கு இல்லை. சர்வரை நிறுவும்போது கொல்கத்தாவைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சர்வர்களைப் பராமரிப்பதே தொழில் என்பதால், இந்த நிம்மதி எங்கெங்கே கெடுகிறது என்பதை நான் அடிக்கடி பார்க்க நேர்கிறது.

ஓர் உதாரணம். 2022 அக்டோபர் இறுதியில் மெக்சிகோ, அமெரிக்க எல்லையை ஒட்டிய சில பகுதிகள் நீங்கலாக, கோடை நேர முறையைக் கைவிட்டது. அந்நாட்டு வாடிக்கையாளர்களுக்குச் சென்னையிலிருந்து சேவை வழங்கும் நிறுவனம் ஒன்றின் கணினிகள் எங்கள் பொறுப்பில் வந்தன. இயங்குதளத்துக்கான புதுப்பிப்பு ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தது. குளிர்காலம் முழுவதும் ஒரு புகாரும் இல்லை. 2023 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை. பழைய விதி நீடித்திருந்தால் மெக்சிகோவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருக்க வேண்டிய நாள். அன்றிலிருந்து பணிமுறை அட்டவணை மென்பொருள் ஒரு மணி நேரம் கூட்டிக் காட்டத் தொடங்கியது. அதே சர்வரின் கட்டளைத் திரையில் கேட்டால் சரியான நேரம் வந்தது.

காரணம் எளியது. அந்த மென்பொருள் ஜாவாவில் எழுதப்பட்டது. எந்த ஊரில் எந்த நாளில் என்ன நேரம் என்ற விதிகளை இயங்குதளம் ஓர் அட்டவணையாக வைத்திருக்கிறது. ஜாவா பொதுவாக அதைப் பார்ப்பதில்லை. தனக்கென ஒரு நகலை வைத்திருக்கிறது. அந்த நகலை யாரும் புதுப்பிக்கவில்லை. விதி மாறியது அக்டோபரில், பிழை தலைகாட்டியது ஏப்ரலில். இடைப்பட்ட ஐந்து மாதங்களில் யார் சோதித்துப் பார்த்திருந்தாலும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே சொல்லியிருப்பார்கள்.

இந்த அட்டவணை எங்கிருந்து வருகிறது என்பதையே பலர் கேட்டதில்லை. 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிவைத்த திட்டம் அது. இப்போது பால் எகர்ட் ஒருங்கிணைக்கிறார். தன்னார்வலர்கள் உலகெங்கிலும் இருந்து அரசாணைகளையும் செய்திகளையும் அனுப்புகிறார்கள். 2011இல் ஒரு ஜோதிட மென்பொருள் நிறுவனம், பழைய காலத்து நேரக் கணக்குகள் தன் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை என்று ஓல்சன், எகர்ட் இருவர் மீதும் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. தரவை வழங்கிவந்த சர்வர் சில நாள் மூடப்பட்டது. பின்னர், இணைய முகவரி எண்கள் போன்றவற்றை நிர்வகிக்கும் ஐயானா (IANA) அமைப்பு அதன் பொறுப்பை ஏற்றது. வழக்கு 2012இல் திரும்பப் பெறப்பட்டது. லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஆப்பிள் கருவிகள் என்று எங்கு போனாலும் மூலம் இதுதான். விண்டோஸ் மட்டும் தனக்கென வேறு பெயர்களையும் வேறு பட்டியலையும் வைத்திருக்கிறது.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஆண்டும் ஓர் எழுத்தும் சேர்ந்த பெயர். ஆண்டுக்குச் சில வெளியீடுகள் வரும். அரசுகள் கடைசி நேரத்தில் முடிவை மாற்றினால் வேகம் கூடும். 2023 மார்ச்சில் லெபனான் அரசு கோடை நேரத்தைத் தள்ளிவைப்பதாகத் திடீரென அறிவித்தது. நாட்டின் ஒரு பகுதி அதை ஏற்க மறுத்தது. ஒரே ஊரில் இரண்டு நேரங்கள் ஓடின. சில நாட்களில் அரசு பின்வாங்கியது. அந்த ஒரு வாரத்தில் 2023ஏ, 2023பி, 2023சி என்று மூன்று வெளியீடுகள் வந்தன. மூன்றாவதில் இருந்த தரவு முதலாவதில் இருந்ததேதான். "பி"யை நிறுவிவிட்டு அதோடு நின்றவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

பெரும்பாலோர் இந்த அட்டவணையை இயங்குதளத்தின் தொகுப்பாகவே பெற்றுக்கொள்வார்கள், அதுவே போதும். ஆனால் ஆதரவு நின்றுபோன பழைய இயங்குதளங்கள், தொழிற்சாலைக் கருவிகளில் பதிந்திருக்கும் லினக்ஸ் போன்றவற்றுக்கு நாமே மூலத்திலிருந்து உருவாக்க வேண்டி வரும். வேலை கடினமானதல்ல. நிரலும் தரவும் சேர்ந்த தொகுப்பைத் தரவிறக்கி, அதனுடன் வரும் கையொப்பத்தைச் சரிபார்த்துவிட்டு, "மேக்" கட்டளையை ஓட்டினால் போதும். கண்டம் வாரியாக எழுதப்பட்ட உரைக் கோப்புகளை "ஜிக்" என்ற தொகுப்பி படித்து, ஒவ்வொரு வலயத்துக்கும் ஓர் இருமக் கோப்பை எழுதித் தரும். நேரடியாக இயங்குதளத்தின் கோப்புறையில் நிறுவாதீர்கள். முதலில் தனிக் கோப்புறை ஒன்றில் நிறுவி, பழையதையும் புதியதையும் "ஜெட்டம்ப்" என்ற கருவியால் விரித்து ஒப்பிடுங்கள். எந்த ஊரில் எந்த நாளில் என்ன மாறியிருக்கிறது என்பது வரி வரியாகத் தெரிந்துவிடும்.

கவனிக்க வேண்டியது உருவாக்கத் தெரிவுகளைத்தான். 2020பி வெளியீடு முதல் ஜிக் இயல்பாகவே "ஸ்லிம்" எனும் மெலிந்த கோப்புகளை எழுதுகிறது. இவற்றில், பழைய நிரல்கள் படிக்கும் 32 பிட் பகுதி காலியாக இருக்கும். எதிர்கால விதி கோப்பின் கடைசியில் ஒற்றை வரியாக எழுதப்பட்டிருக்கும். புதிய நூலகங்களுக்கு இதில் சிக்கல் இல்லை. பழைய நூலகம் அந்த வரியைப் படிக்காது; அதற்குத் தெரிவது வெற்றுக் கோப்புதான். ஆகவே பழைய இயந்திரத்துக்கு உருவாக்கும்போது "ஃபேட்" தெரிவைக் கொடுங்கள். கோப்பு சற்றுப் பெரிதாகும், அவ்வளவே. "ரைட்" என்ற பெயரில் ஒரு கோப்புறையும் உண்டு. சரியானது என்ற பொருளில் பெயர் வைத்திருப்பதால் அதைத் தேர்ந்தெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுக்க அவ்வப்போது கூட்டப்படும் லீப் நொடிகளையும் கணக்கில் எடுக்கும் கோப்புகள் அவை. 1972 முதல் இதுவரை சேர்க்கப்பட்ட 27 நொடிகளும் அவற்றில் இருக்கும். வழக்கமான லினக்ஸ் கடிகாரத்தோடு அவற்றைச் சேர்த்தால் அந்த 27 நொடிகள் பிசகும்.

இதைவிட அடிக்கடி காணும் வினை, பெயரில் இருக்கிறது. ஒருவர் தம் ஊர்ப் பற்றில் "ஆசியா/சென்னை" என்று, நிரல்களுக்கு நேர வலயத்தைச் சொல்லும் டிஇசட் (TZ) சூழல் மாறியில் எழுதிவிடுவார். அப்படி ஒரு வலயம் அட்டவணையில் இல்லை. 1970 முதல் ஒரே மாதிரி கடிகாரம் ஓடிய நிலப்பரப்புக்கு ஒரே பெயர் என்பது அட்டவணையின் விதி. இந்தியா முழுவதற்கும் கொல்கத்தாதான். தவறான பெயர் கொடுத்தால் கணினி பிழை என்று சொல்ல வேண்டுமல்லவா? லினக்ஸின் வழக்கமான சி நூலகம் சொல்லாது. சத்தமில்லாமல் சர்வதேச நேரத்துக்கு (யுடிசி) போய்விடும். "ஐஎஸ்டி" (இந்திய நேரத்தின் சுருக்கம்) என்று மட்டும் எழுதினால் இன்னும் மோசம்: காட்டுவது சர்வதேச நேரம், பக்கத்தில் ஒட்டியிருக்கும் பெயரோ ஐஎஸ்டி. ஐந்தரை மணி நேரம் பிசகிய அறிக்கைகளைப் பார்க்கும்போது என் கை முதலில் போவது இந்த மாறிக்குத்தான். கன்டெய்னர்களில், அதாவது ஒரு மென்பொருளை அதன் தேவைகளோடு கட்டிவைக்கும் பொதிகளில், பயன்படும் ஆல்பைன் லினக்ஸில் அட்டவணையே இயல்பாக இருப்பதில்லை. அங்கே பெயரைச் சரியாக எழுதினாலும் பயனில்லை. தொகுப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

குறியிலும் ஒரு பொறி உண்டு. கிழக்கே இருக்கும் நமக்குக் கூட்டல் குறி என்று பள்ளியில் படித்தோம். டிஇசட் மாறியில் எண்ணாக எழுதும்போது குறி தலைகீழ்: இந்தியாவுக்குக் கழித்தல் 5:30. கூட்டல் போட்டால் பிழை பதினொரு மணி நேரம். எண்ணையே எழுதாமல் ஊர்ப் பெயரை எழுதுவதுதான் நல்லது.

இனி நகல்களைத் தேடுவோம். இயங்குதளத்தில் ஒன்று. ஜாவாவில் ஒன்று. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் மென்பொருளுக்குள், மொழி, நேர வேலைகளுக்கான ஐசியு நூலகத்தின் நகல் ஒன்று. பைத்தானில் பழைய பைடிஇசட் நூலகம் தன் நகலைச் சுமக்கிறது, 3.9 பதிப்பில் வந்த முறை இயங்குதளத்தைப் பார்க்கிறது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் வலய அட்டவணைகள் முதலில் காலியாகவே இருக்கும். ஒரு முறை ஏற்றினால் அந்த நாளின் நிலையிலேயே உறைந்துவிடும். போஸ்ட்கிரெஸ்க்யூஎல் எப்படி உருவாக்கப்பட்டதோ அதைப் பொறுத்துத் தன் நகலையோ இயங்குதளத்தின் நகலையோ பயன்படுத்தும். அதற்குள் நமக்கென்றே ஒரு வினோதம்: 18க்கு முந்தைய பதிப்புகளில், இயல்பான அமைப்பில் ஐஎஸ்டி என்ற சுருக்கத்தை அது இஸ்ரேல் நேரமாகவே எடுத்துக்கொள்ளும். அவற்றில் சுருக்கங்களின் தொகுப்பை "இந்தியா" என்று மாற்றினால்தான் வழிக்கு வரும்.

எல்லா நகல்களும் புதியவையா என்று அறிய நான் பயன்படுத்தும் சோதனை அல்மாட்டி. கஜகஸ்தான் 2024 மார்ச் 1 அன்று நாடு முழுவதையும், சர்வதேச நேரத்துக்கு ஐந்து மணி நேரம் முன்னே ஓடும் வலயத்துக்குக் கொண்டுவந்தது. அதுவரை அல்மாட்டி ஆறு மணி நேர வலயத்தில் இருந்தது. ஆகவே 2024 ஜூன் 1, சர்வதேச நேரம் நண்பகல் 12 மணியை அல்மாட்டி நேரமாக மாற்றச் சொல்லி, இயங்குதளம், ஜாவா, தரவுத்தளம் என்று ஒவ்வோர் அடுக்கிடமும் கேளுங்கள். மாலை 5 மணி என்றால் அந்த நகல் 2024ஏ வெளியீடோ அதற்குப் பிந்தையதோ. 6 மணி என்றால் பழையது. ஒரே சர்வரில் இரண்டு விடைகளும் வருவது அபூர்வமல்ல. இன்னும் கடுமையாகச் சோதிக்க விரும்பினால் பராகுவேயின் அசுன்சியோனை எடுத்துக்கொள்ளலாம். அந்நாடு 2024 அக்டோபரில் கோடை நேரத்தையே ஆண்டு முழுவதற்குமான நேரமாக்கியது. 2025 ஜூலையில் சர்வதேச நேரத்தைவிட மூன்று மணி நேரம் பின்தங்கிக் காட்ட வேண்டும். நான்கு என்று வந்தால் பழைய நகல். புதுப்பித்த பிறகு சேவைகளை மறுதொடக்கம் செய்ய மறக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் தொடங்கியபோது படித்த விதியையே பிடித்துக்கொண்டிருக்கும்.

தரவைச் சேமிக்கும் முறையையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். நடந்து முடிந்ததைச் சர்வதேச நேரத்தில் சேமிப்பது சரி. அடுத்த ஆண்டு கெய்ரோவில் காலை 10 மணிக்கு நடக்கவிருக்கும் கூட்டத்தை அப்படிச் சேமிக்காதீர்கள். எகிப்து 2023இல் கோடை நேரத்தை மீண்டும் கொண்டுவந்தது. அதற்கு முன்பே சர்வதேச நேரத்தில் சேமித்து வைத்த கோடைக்காலக் கூட்டம் 11 மணி என்று காட்டியிருக்கும். உள்ளூர் நேரத்தையும் வலயப் பெயரையும் சேமித்திருந்தவர்களுக்குத் தொல்லை இல்லை.

"இதெல்லாம் வெளிநாட்டுக் கணக்கு, நமக்கு எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஆசியா/கொல்கத்தா கோப்பை விரித்துக் காட்டுவேன். ஐந்தரைக்கு முன்னால் அதில் 5 மணி 21 நிமிடம் 10 நொடி என்று ஒரு வரி இருக்கிறது. சென்னை வானாய்வகத்தை அடிப்படையாகக் கொண்ட மதராஸ் நேரம் அது. 1905 முடியும் வரைக்கும் அதையே அட்டவணை எடுத்துக்கொள்கிறது. அடுத்து இரண்டாம் உலகப் போர். 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னே ஓடின. அதற்கு முன் 1941 அக்டோபரிலிருந்து 1942 மே வரையும் அப்படியே.

இது யாரைப் பாதிக்கும்? ஜாதகம் கணிக்கும் மென்பொருளை எழுதுகிறவர்களை. ஒரு நாளில் பன்னிரண்டு லக்னங்கள்; சராசரியாக இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று மாறுகிறது. 1944இல் பிறந்த தாத்தாவின் ஜாதகத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்தரையைக் கழித்தால் ஒரு மணி நேரப் பிழை, லக்னமே மாறிவிடக்கூடும். ஜோதிடத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் கணக்கு என்று போட்டால் அது சரியாக இருக்க வேண்டும். சிங்கப்பூரிலும் மேற்கு மலேசியாவிலும் 1981 முடியும் வரை நேரம் ஏழரை. 1982 பிறந்தபோதுதான் எட்டாயிற்று. அந்த அரை மணி நேரத்தைத் தவறவிடும் செயலிகள் உண்டு.

எல்லாவற்றிலும் சிக்கலானது இலங்கை. மின்சாரத்தைச் சேமிப்பதற்காக 1996 மே 25 அன்று அந்நாடு ஐந்தரையிலிருந்து ஆறரைக்குத் தாவியது. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று ஆறுக்கு இறங்கியது. 2006 ஏப்ரல் 15 அன்றுதான் ஐந்தரைக்குத் திரும்பியது. ஆசியா/கொழும்பு கோப்பில் இவை அனைத்தும் உண்டு. உங்கள் மென்பொருளைச் சோதிக்க 1999 ஜனவரி 1ஐக் கொடுத்து ஆறு வருகிறதா என்று பார்க்கலாம். ஆனால் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்காமல் பழைய ஐந்தரையிலேயே இருந்தன. அதற்கென அட்டவணையில் தனி வலயம் இல்லை. அந்தப் பத்தாண்டுகளில் வடக்கிலோ கிழக்கிலோ பிறந்த ஒருவருக்குக் கணிக்கும்போது, கொழும்பு என்று மென்பொருள் தானாக முடிவெடுத்துக்கொள்ளக் கூடாது. பிறந்த நேரம் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்று கேட்க, உள்ளீட்டுப் படிவத்தில் ஒரு தெரிவு வையுங்கள். அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ விசாரித்து அவர்களே சொல்லிவிடுவார்கள்.