ஃபியான்கெட்டோ: விலாவிலிருந்து வந்த சொல்

போன ஞாயிறு மும்பை மாட்டுங்காவில், ஒரு பள்ளிக்கூட ஹாலில் செஸ் போட்டி. அக்கா பையனுக்கு வெள்ளைக்காய். குதிரையை எஃப்3-க்குத் தாவவிட்டான், ஜி சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினான், அது விட்டுப்போன ஜி2-இல் பிஷப்பை உட்காரவைத்தான். மூன்று நகர்த்தல் ஆகியும் நடுவில் இருக்கும் நாலு கட்டத்தில் அவன் காய் ஒன்றுகூட இல்லை. வெளியே வந்ததும் “பியான்செட்டோ, மாமா” என்றான். சிப்பாய் விட்டுப்போன கட்டத்தில் பிஷப்பை இப்படி உட்காரவைப்பதற்குத்தான் அந்தப் பெயர்.

செட்டோ இல்லை, கெட்டோ. சொல் இத்தாலியன் (fianchetto), அங்கே ‘ch’ என்ற எழுத்துக் கூட்டணிக்கு ‘க’ ஒலிதான். ஆனால் ‘ஃபியாங்கெட்டோ’ என்று எழுதினால் நம் நாக்கு சங்கு, தங்கை மாதிரி மெல்லிதாக்கிவிடும். அதனால்தான் இங்கே ‘ன்’ போட்டிருக்கிறேன்.

‘ஃபியான்கோ’ என்றால் விலா. ‘எட்டோ’ சிறுமை விகுதி. ‘லிப்ரோ’ புத்தகம், ‘லிப்ரெட்டோ’ சின்னப் புத்தகம். ஆக, குட்டி விலா! ஆங்கிலத்தின் ‘ஃபிளாங்க்’ இதற்கு உறவுக்காரச் சொல். உடம்பின் பக்கம், பிறகு படையின் பக்கம். நமக்கு இது புதிதல்ல: சதுரங்கம் என்பதே யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு அங்கம். அங்கம் உடம்புச் சொல்தானே?

நடுவை எதிராளிக்கு விட்டுக்கொடுத்து, பக்கத்திலிருந்து அதைக் குடைவதுதான் ‘ஃபிளாங்க் ஓப்பனிங்’. எஃப்3 குதிரை விலகினால் ஜி2 பிஷப்பின் பார்வை இ4, டி5 வழியாக ஏ8 மூலைவரை போகும். 1924-இல் நியூயார்க்கில் ரேட்டி என்ற ஆட்டக்காரர் இப்படித்தான் அன்றைய உலக சாம்பியன் கப்பாபிளாங்காவை 31 நகர்த்தலில் வீழ்த்தினார். அதுவரை எட்டு வருஷமாகத் தோற்காதவர் கப்பாபிளாங்கா. அந்த ஆட்டத்தில் ஆறாவது நகர்த்தலுக்குள் இரு தரப்பின் நாலு பிஷப்பும் ஃபியான்கெட்டோவில் இருந்தன.

சரி, தமிழில்? ‘ஓப்பனிங்’ என்பதைத் ‘திறப்பு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அணை திறப்புதான் ஞாபகம் வருகிறது. தொடக்கம் போதும். ‘பக்கத் தொடக்கம்’ என்றால் புத்தகத்தின் பக்கம் குறுக்கே வரும். ‘விலாத் தொடக்கம்’ என்பேன். விலாவில் குத்துவதுதானே வேலை.

தமிழில் பிஷப்பை மந்திரி என்போம்; அந்தத் தெம்பில் ஃபியான்கெட்டோவுக்கு ‘விலா மந்திரி’ என்று ஒரு பெயர் சொன்னேன். பையன் முழித்தான். கூட ஆடும் மராத்திப் பையன்களுக்குப் பிஷப் ‘உண்ட்’, அதாவது ஒட்டகம், ராணிதான் ‘வஜீர்’, அதாவது மந்திரி.

“மந்திரின்னா வஜீரா மாமா? அதையா ஓரத்துல வெச்சேன்?”