நண்பர்கள் முன்னிலையில் தட்டிக்கேட்காதீர்கள்

சென்ற மாதம் பதினாறு வயதுப் பையன் ஒருவனை அவனுடைய தாயார் என் உளவியல் ஆலோசனை அறைக்கு அழைத்து வந்தார். பூங்காப் படிக்கட்டில் நான்கு நண்பர்களோடு உட்கார்ந்திருந்தவன் காலித் தண்ணீர் பாட்டிலைத் தரையில் போட்டிருக்கிறான், நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் அதைக் கண்டு நின்று, 'எடு அதை' என்று அதட்டியிருக்கிறார், அவன் சிரித்திருக்கிறான், அவர் கைப்பேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டிப் படம் பிடிக்கத் தொடங்கியிருக்கிறார், அவன் அந்தக் கையைத் தட்டிவிட, அவர் நிலைதடுமாறி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. காவல் நிலையம் வரை சென்ற விவகாரம் இரு குடும்பங்களும் பேசியதில் ஒருவாறு தணிந்து, அவன் ஆலோசனைக்குச் செல்ல வேண்டும் என்ற உடன்பாட்டோடு நின்றது.

நாற்பது நிமிடம் ஒற்றைச் சொல்லில் மட்டுமே பதில் சொன்னவன், கிளம்பும்போது கதவில் கைவைத்தபடி சொன்னான்: "அவர் வர்றதைப் பார்த்ததுமே எடுத்துடலாம்னுதான் நினைச்சேன். 'எடு'ன்னு சொன்னதுக்கப்புறம் எப்படி எடுக்கிறது?" முக்கியமான செய்தி பெரும்பாலும் கதவருகேதான் வெளிவரும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் பழக்கம். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிவிட்டேன்; அந்த வாக்கியத்தை அவனுடைய அனுமதியோடு அப்படியே தந்திருக்கிறேன்.

பாட்டில், சிகரெட் துண்டு, சுவரில் கிறுக்கல், பேருந்தில் சத்தமாக ஒலிக்கும் பாட்டு என்று தொடக்கம் மட்டும்தான் மாறுகிறது. அதன்பின் நடப்பவை அனைத்தும் ஒரே வரிசையில் நடக்கின்றன. அந்த வரிசையை இத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டுப் பொறுமை இழந்த நிலையில்தான் இதை எழுதுகிறேன்.

பெரியவர்களிடம் பேசும்போது என்னை மிகவும் வருத்தும் ஒரு நம்பிக்கை உண்டு. 'நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்டால்தான் உறைக்கும்' என்பார்கள். தனியாகக் கேட்டால் பொருட்படுத்த மாட்டான், கூட்டாளிகள் எதிரில் தலைகுனிய வைத்தால் அடுத்த முறை செய்ய மாட்டான் என்பது அவர்கள் கணக்கு. ஐம்பது வயதுக்காரருக்கு ஒருவேளை அது பொருந்தலாம். தன் மரியாதையைத் தாங்க அவருக்கு வேலை, குடும்பம், அக்கம்பக்கம் என்று பல தூண்கள் இருக்கின்றன. ஓரிடத்தில் தலைகுனிந்தாலும் மற்றவை அவரை நிறுத்தி வைத்துக்கொள்ளும். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைக்கு அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேரின் பார்வைதான் மொத்தச் சொத்து. அவர்கள் எதிரில் முன்பின் தெரியாத ஒருவர் சொல்லுக்குக் குனிந்து பாட்டிலை எடுத்தால், அன்றிரவு முதல் அவன் என்ன பெயரில் அழைக்கப்படுவான் என்பது அவனுக்குத் தெரியும். எடுக்காவிட்டால் ஒரு பெரியவரின் கோபம்தான் மிச்சம். இந்த இரண்டில் அவன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று நினைக்கிறீர்கள்?

2005ஆம் ஆண்டில் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. 13 முதல் 16 வயது வரையிலானோர், 18 முதல் 22 வரையிலானோர், 24 வயதுக்கு மேற்பட்டோர் என மூன்று குழுவினரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஆடச் செய்தார்கள். சிலர் தனியாக ஆடினார்கள், சிலர் தம் வயதினர் இருவர் பார்த்துக்கொண்டிருக்க ஆடினார்கள். முதிர்ந்தவர்களின் ஆட்டத்தில் பார்வையாளர்களால் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இளையவர்களோ தம் வயதினர் பார்க்கும்போது வெகுவாகத் துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள். அதே வயது, அதே விளையாட்டு. கூட இரண்டு பேர் இருந்தார்கள் என்பது மட்டுமே வேறுபாடு. ஆகவே நண்பர்கள் முன்னிலையில் கண்டிப்பவர், அந்தப் பிள்ளையின் நிதானம் மிகக் குறைந்திருக்கும் நேரத்தைத் தேடிப் பிடித்துக் கண்டிக்கிறார்.

நண்பர்களின் பார்வை ஒன்று என்றால், இரண்டாவது, கட்டளை. ஒருவருடைய சுதந்திரத்தில் கைவைத்தால் அதை மீட்டுக்காட்டத் துடிப்பார் என்பதை உளவியலாளர் ஜாக் பிரெம் 1966இலேயே ஒரு கோட்பாடாக எழுதிவிட்டார். நம் வழக்கில் அதற்கு வீம்பு என்று பெயர். குப்பையைக் கொண்டே இது சோதிக்கப்பட்டிருக்கிறது. 1979இல் வெளியான ரைக், ராபர்ட்சன் ஆய்வில், ஒரு நீச்சல் குளத்துக்கு வந்தவர்களிடம் குப்பை போடுவது பற்றிய வெவ்வேறு வாசகங்கள் அச்சிட்ட துண்டுச் சீட்டுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதட்டும் தொனியில் எழுதப்பட்ட சீட்டுகளே, இடத்தைச் சுத்தமாக வைக்க உதவக் கோரிய சீட்டுகளைவிட அதிகமாகத் தரையில் வீசப்பட்டன. ஒரு காகிதத்தின் அதட்டலே இவ்வளவு செய்யுமானால், முகம் சிவந்து எதிரில் நிற்கும் ஒரு மனிதரின் அதட்டல் என்ன செய்யும்?

'இன்று குப்பை போடுபவன் நாளை கத்தி எடுப்பான்' என்ற பேச்சையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். உளவியலாளர் டெரி மொஃபிட் 1993இல் பிரித்துக் காட்டிய இரு வகையினர் பற்றி எங்கள் பயிற்சியின் தொடக்கத்திலேயே படிக்கிறோம். சிறுவயதிலிருந்தே தொடங்கி வாழ்நாள் முழுதும் தொடரும் சமூக விரோத நடத்தை கொண்டவர்கள் மிகச் சிலர். வளரிளம் பருவத்தோடு வந்து அதனோடு போய்விடும் மீறல்கள் கொண்டவர்களே பெரும்பகுதியினர். உங்கள் எதிரில் இருக்கும் பிள்ளை அந்தப் பெரும்பகுதியைச் சேர்ந்தவனாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அவனை 'ரவுடி' என்று அழைப்பவர், அவன் இதுவரை எண்ணிப் பார்த்திராத ஒரு வேடத்தை அவன் கையில் கொடுக்கிறார்.

சரி, எப்படித்தான் சொல்வது? முடிந்தால் கூட்டம் கலைந்தபின் சொல்லுங்கள், அல்லது ஒருவன் சற்று ஒதுங்கி நிற்கும்போது சொல்லுங்கள். அதற்கு வழியில்லை என்றால் நேருக்கு நேர் மார்பை நிமிர்த்தி நிற்காமல் பக்கவாட்டில், கை எட்டாத தூரத்தில் நில்லுங்கள். நாங்கள் ஆலோசனை அறையில் நாற்காலிகளைக்கூட எதிரெதிரே போடாமல் சற்றுச் சாய்வாகப் போடுவது இதற்காகத்தான். குரல் தாழ்ந்திருக்கட்டும். ஒரே வாக்கியம் போதும்: 'தம்பி, போகும்போது அந்தப் பாட்டிலைத் தொட்டியில போட்டுடுப்பா.' 'போகும்போது' என்ற சொல்லை நான் வேண்டுமென்றே சேர்க்கிறேன். உடனே குனியத் தேவையில்லை, நேரம் உன்னுடையது என்று அது அவனுக்குச் சொல்கிறது. சொன்னதும் நகர்ந்துவிடுங்கள். நின்று பார்க்காதீர்கள், திரும்பியும் பார்க்காதீர்கள். நீங்கள் நின்றால் அது போட்டியாகிவிடும். நீங்கள் போனபின் அவன் எடுக்காமலும் போகலாம். அப்போதும் நீங்கள் எதையும் இழக்கவில்லை. சொல்லும் சென்று சேர்ந்திருக்கும், எலும்பும் முழுதாக இருக்கும்.

தெரிந்த பிள்ளையாக இருந்தால் இன்னும் எளிது. மில்லர், பிரிக்மன், போலன் ஆகியோர் 1975இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்பு மாணவர்களில் ஒரு பிரிவினரிடம் 'சுத்தமாக இருக்க வேண்டும்' என்று அறிவுரை சொன்னார்கள். இன்னொரு பிரிவினரிடம் 'நீங்கள் சுத்தமான பிள்ளைகள்' என்று சொன்னார்கள். குப்பையைக் கண்ட இடத்தில் போடாமல் இருந்ததில் இரண்டாம் பிரிவினரே முந்தினார்கள். நாட்கள் கழிந்தும் அது நீடித்தது. வளரிளம் பருவத்தினரிடம் இதை வெற்றுப் புகழ்ச்சியாகச் சொன்னால் உடனே கண்டுகொள்வார்கள் என்பதால், அவன் உண்மையிலேயே செய்த ஒன்றைச் சுட்டிச் சொல்லுங்கள்.

இனிச் செய்யக் கூடாதவை. தொடாதீர்கள், தோளில் தட்டுவதும் தொடுவதுதான். அவர்கள் கையிலிருந்து எதையும் பிடுங்காதீர்கள். வழியை மறித்து நிற்காதீர்கள். பெற்றோரையோ வளர்ப்பையோ இழுக்காதீர்கள். நான் கேட்ட கைகலப்புகள் பலவற்றில் முதல் அடிக்கு முன்னால் வந்த சொல் தாயைப் பற்றியதாக இருந்தது. குடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், இருட்டாக இருந்தால், உங்களோடு சிறு குழந்தை இருந்தால், ஒன்றும் சொல்லாமல் கடந்து செல்லுங்கள். யாரையாவது மிரட்டுகிறார்கள், தீ வைக்கிறார்கள், ஆயுதம் தெரிகிறது என்றால் அது காவல்துறைக்கு அழைக்க வேண்டிய விஷயம். எட்ட நின்று அழையுங்கள்.

கைப்பேசியைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். முகத்துக்கு நேரே படம் பிடிப்பது, நண்பர்கள் நான்கு பேர் என்றிருந்த பார்வையாளர் கூட்டத்தை ஊர் முழுவதுமாக மாற்றிவிடுகிறது. அதன்பின் அந்தப் பிள்ளைக்குப் பின்வாங்க இடமே இல்லை. பதினெட்டு வயது நிரம்பாத ஒருவரின் முகத்தை இணையத்தில் ஏற்றி 'இவனைப் பாருங்கள்' என்று எழுதுவது, ஒரு பாட்டிலுக்கு எந்த வகையிலும் ஈடான தண்டனை ஆகாது. அப்படிப் பரவிய ஒரு காணொளிக்குப் பிறகு பள்ளிக்குப் போக மறுத்த பிள்ளையோடு வாரக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த வேதனையை ஏற்படுத்தியவர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் அழித்தாலும் அடுத்தவர் கைப்பேசியில் அது இருக்கும்.

இவ்வளவையும் படித்துவிட்டு 'நமக்கேன் வம்பு' என்று ஒதுங்கிவிடாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சனும் உடன் ஆய்வாளர்களும் சிகாகோவின் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் பேசி 1997இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் தெருமுனையில் சுற்றினாலோ சுவரில் வண்ணம் அடித்தாலோ அக்கம்பக்கத்தார் கேட்பார்களா என்று வினவினார்கள். கேட்பார்கள் என்ற நம்பிக்கை மிகுந்த பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது. ஆனால் அந்த அளவீட்டில் இன்னொரு பாதியும் இருக்கிறது: அங்கே வசிப்பவர்கள் ஒருவரையொருவர் நம்புகிறார்களா, ஒருவருக்கொருவர் உதவுகிறார்களா என்பது. பலர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு தட்டிக்கேட்கக் கிளம்புகிறார்கள். படிக்கட்டில் தினமும் உட்காரும் பிள்ளைகளைத் தவறு நடக்காத சாதாரண நாளில் ஒரு முறையாவது பெயர் கேட்டு விசாரித்திருக்கிறீர்களா? அப்படி விசாரித்தவர் வந்து நின்றால் பாட்டில் தானாகவே தொட்டிக்குப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. யாரோ கண்டித்துவிட்டார் என்று பிள்ளை வந்து சொன்னால், அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பிள்ளையை அடிக்கவும் வேண்டாம். நடந்ததை வரிசையாகக் கேளுங்கள், எந்த இடத்தில் எழுந்து போயிருக்கலாம் என்று அவனையே சொல்லவிடுங்கள்.

அந்தப் பையன் இப்போது நான்காவது அமர்வு வரை வந்திருக்கிறான். பெரியவரை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்கத் தயார் என்று சென்ற வாரம் அவனாகவே சொன்னான்; கட்டு பிரித்தபின் பார்க்கலாம் என்று அவரும் சொல்லியனுப்பியிருக்கிறார். சந்திப்புக்கு அவன் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: நண்பர்கள் யாரும் உடன் இருக்கக் கூடாது.