வகைப்படுத்தப்படாத தகவல்

செய்தி மொழிபெயர்ப்புகளில் இந்தத் தொடரைப் பார்த்தால் என்ன விளங்கும்? இன்னும் பிரித்து அடுக்காமல் குவிந்து கிடக்கும் தாள்கள் என்றுதான். சொல்ல வந்தது வேறு: ஆங்கிலத்தில் 'அன்கிளாசிஃபைட்', அதாவது அரசு இரகசியம் என்று தரம் குறிக்காத தகவல்.

ஆங்கிலத்தின் 'கிளாஸ்' இலத்தீன் 'கிளாசிஸ்' என்பதிலிருந்து வந்தது. பழைய ரோமில் சொத்தைப் பார்த்துக் குடிமக்களைப் பிரித்த பிரிவுக்கு அந்தப் பெயர். அப்புறம் எந்த வகுப்புக்கும் ஆனது. ஆவணங்களை 'இரகசியம்', 'அதி இரகசியம்' என்று தரம் பிரித்ததில், 'கிளாசிஃபைட்' என்றாலே இரகசியம் என்றாயிற்று. தமிழின் 'வகை' அந்தப் பொருளை ஏற்கவே இல்லை. பிழை அங்கேதான்.

'இரகசியம்' வடசொல். 'ரஹஸ்' என்றால் தனிமை, ஆளில்லாத இடம். ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் முன்னால் ஓர் இகரம். நமக்குக் 'கமுக்கம்' உண்டு, 'மறை'யும் உண்டு. 'மறைபெறல் ஊரார்க்கு அரிதன்றால்' என்ற 1180ஆம் குறளில் மறை என்பது வேதமல்ல, நெஞ்சில் ஒளித்த காதல். ஆகவே 'மறைப்படுத்திய தகவல்', 'மறைப்படுத்தாத தகவல்' என்றே எழுதுவோம். வகை இருந்த இடத்தில் மறை, அவ்வளவுதான்.

சிக்கல் முழுவதும் இந்த மறைப்படுத்தாத தகவலில்தான். சட்டப்படி இரகசியமில்லை, ஆனாலும் கொடுக்க மாட்டார்கள். அமெரிக்காவில் 'அலுவலகப் பாவனைக்கு மட்டும்' என்பதுபோல நூற்றுக்கு மேற்பட்ட முத்திரைகள் புழங்கின. அவற்றைக் குறைக்க 2009இல் ஒரு சட்டமூலம் கீழவையில் நிறைவேறியது, சட்டமாகவில்லை. 2010இல் ஜனாதிபதி ஒபாமா 13556ஆம் இலக்க ஆணையால் அவற்றை ஒரே முறைக்குள் கொண்டுவரப் பணித்தார்.

இலங்கையில், எங்கள் வன்னியில் முத்திரையே தேவைப்படுவதில்லை, வாய்ச்சொல் போதும். எங்கள் ஊர்க் குளத்துத் துருசை, அதாவது தண்ணீர் திறந்துவிடும் மதகைத் திருத்தும் மதிப்பீட்டைக் கேட்க, கமக்காரர் ஒருவரோடு ஒரு கந்தோருக்குப் போயிருந்தேன். கோவை மேசையில்தான் இருந்தது.

"அது வெளியில குடுக்கேலாது ஐயா, இரகசியம்."

"துருசு உடைஞ்சு கிடக்கிறது ஊருக்கே தெரியும் தம்பி. அதில என்ன இரகசியம்?"

எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தத் தண்ணீரை நம்பித்தான் அவர் விதைக்கிறார்.

இங்கே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில். கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை. மறுக்கக்கூடிய காரணங்களை 5ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது. 'கொடுக்கேலாது' என்பது அதில் இல்லை. அந்தக் காரணங்களில் ஒன்று பொருந்தினாலும், பொதுநலன் பெரிதென்றால் கொடுத்தாக வேண்டும். வேறு சட்டத்தோடு முரண்பட்டால் இந்தச் சட்டமே மேல். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

சரி, அந்தச் சட்டப்படி தகவல் கேட்கும் ஆர்.டி.ஐ. 01 படிவத்தை வாங்கி அங்கேயே நிரப்பினோம். ஐயா மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். பதின்மூன்றாம் நாள் நகல் கிடைத்தது, மூன்று தாள். அவர் முதலில் பார்த்தது எத்தனை பை சீமெந்து என்ற கணக்கை. நான் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். எதிலும் இரகசிய முத்திரை இல்லை.