ஆரல் கடலுக்கு ஒரு மறுகால்

மேலூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மேற்கே போய்க்கொண்டிருந்த பெரியாற்றை மலையைக் குடைந்து நம்ம பக்கம் திருப்பியதால்தான் எங்க ஊர் வயலுக்குத் தண்ணி வருது. வற்றிப்போன ஆரல் கடலுக்கும் அதே மாதிரி வேறொரு ஆற்றைத் திருப்பிவிட்டால் என்ன?"

நியாயமான கேள்வி, சோவியத் அரசும் இதையேதான் யோசித்தது. சைபீரியாவில் ஆர்க்டிக் பெருங்கடலைப் பார்த்து ஓடும் ஓப், இர்திஷ் ஆறுகளின் தண்ணீரைத் தெற்கே திருப்ப பல வருடம் திட்டம் போட்டு, 1986ல் கைவிட்டார்கள். 1895ல் பென்னிகுயிக் முடித்துக் கொடுத்த பெரியாற்றுச் சுரங்கம் இரண்டு கிலோமீட்டர்கூட நீளம் கிடையாது, அதற்கப்புறம் தண்ணீர் தானாகவே இறங்கி வைகைக்கு வந்துவிடும். சைபீரியாவிலோ 2,000 கிலோமீட்டருக்கும் மேல் கால்வாய் வெட்டி, நடுவில் இருக்கும் மேட்டில் பம்ப் வைத்து ஏற்ற வேண்டும். ஆனால் வேறு எந்த ஆறும் வராமலேயே அந்தக் கடலில் ஒரு துண்டு பிழைத்துவிட்டது, அது எப்படி என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

கதையின் முதல் பாதி பலருக்கும் தெரிந்ததுதான். கசகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் நடுவே, 1960ல் 68,000 சதுர கிலோமீட்டர் பரப்போடு உலகத்தின் நான்காவது பெரிய ஏரியாக இருந்தது ஆரல். தெற்கிலிருந்து ஆமு தாரியா, வடகிழக்கிலிருந்து சிர் தாரியா என்று இரண்டே ஆறுகள். இரண்டையும் பருத்திக்குத் திருப்பினார்கள். கடல் சுருங்கி, 1980களின் கடைசியில் வடக்கே ஒரு சின்னக் கடல், தெற்கே ஒரு பெரிய கடல் என்று இரண்டாக உடைந்தது. கரை எங்கோ போய்விட, மீன்பிடி கப்பல்கள் மணலில் நின்றன.

சரி, தண்ணீரைக் குறைத்தால் ஏரி முழுவதும் வற்றிப்போகாமல் ஒரு அளவில் நின்றுவிடுவது ஏன்? ஆரலிலிருந்து எந்த ஆறும் வெளியே போவதில்லை. உள்ளே வருகிற தண்ணீர் வெளியேற ஒரே வழி ஆவியாவதுதான். அந்தப் பகுதியில் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் ஆவியாகிறது, மழை பத்து சென்டிமீட்டர் சுமாருக்குத்தான். ஆழம் எவ்வளவு என்பதைவிட வெயிலுக்கு எவ்வளவு பரப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். ஆறு கொண்டுவருவதும் பரப்பு குடிப்பதும் எந்த இடத்தில் சமமாகிறதோ அதுவரை ஏரி சுருங்கும், அங்கே நிற்கும். பழைய காலத்தில் இரண்டு ஆறுகளும் வருடத்துக்கு 50 முதல் 60 கன கிலோமீட்டர் கொண்டுவந்தன, 68,000 சதுர கிலோமீட்டர் பரப்பும் கிட்டத்தட்ட அதே அளவைக் குடித்தது. ஒரு கன கிலோமீட்டர் என்றால் சுமார் 35 டிஎம்சி, நம் வைகை அணை நிரம்பினால்கூட 6 டிஎம்சி சுமாருக்குத்தான் பிடிக்கும் என்று வைத்துப் பார்த்தால் அளவு புரியும்.

ஆவியாதல் என்றதும் 2017 ஏப்ரலில் வைகை அணையில் மிதக்கவிட்ட தெர்மாகோல் அட்டைகள் நினைவுக்கு வரும். காற்று அன்றைக்கே அவற்றைக் கரையில் ஒதுக்கிவிட்டது, ஊரே சிரித்தது. எனக்கு அதில் சிரிக்கத் தோன்றவில்லை, வருத்தம்தான். பரப்பை மூடினால் ஆவியாவது குறையும் என்கிற இயற்பியல் சரிதான். லாஸ் ஏஞ்சலஸ் நீர்த்தேக்கத்தில் 2015ல் 9.6 கோடி கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளை மிதக்கவிட்டார்கள், தண்ணீரின் தரத்தைக் காப்பது முதல் நோக்கம் என்றாலும் ஆவியாவதும் குறைந்தது. நம்மூரில் ஒரு பொறியியல் கல்லூரியிடம் கொஞ்சம் பணம் கொடுத்து ஒரு சின்னக் கண்மாயில் ஒரு கோடை முழுக்கச் சோதித்துப் பாருங்கள் என்று விட்டிருந்தால், காற்று என்ன செய்யும் என்று அணைக்குப் போவதற்கு முன்பே தெரிந்திருக்கும். சின்னச் சோதனைகளுக்குக் காசு ஒதுக்காத பழக்கம் நமக்கு நிறையச் செலவு வைக்கிறது.

ஆரலுக்கு வருவோம். வடக்குக் கடலுக்கு சிர் தாரியா மட்டும்தான். அதன் பங்குத் தண்ணீர் ரொம்பக் குறைந்திருந்தாலும், கணக்குப் போட்டால் சின்னக் கடலுக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த மிச்சம், இரண்டு கடல்களையும் சேர்த்திருந்த பெர்க் நீரிணை வழியாகத் தெற்கே வழிந்து, தட்டையான உப்புத் தரையில் பரவி, யாருக்கும் பயன்படாமல் ஆவியாகிப் போனது. 1992ல் உள்ளூர்க்காரர்களே அந்த வாயில் மண்கரை போட்டார்கள். உடைந்தது, மறுபடி போட்டார்கள், 1999 ஏப்ரலில் புயல் அதை மொத்தமாக அடித்துக்கொண்டு போனது. ஆனால் கரை நின்ற அந்தக் கொஞ்ச காலத்திலேயே நீர்மட்டம் ஏறியதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் உலக வங்கிக் கடனும் கசகஸ்தான் அரசின் பணமும் சேர்ந்து, ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நீளக் கொகரல் அணை 2005ல் முடிந்தது. நிரம்பப் பல வருடம் ஆகும் என்று நினைத்திருந்தார்கள், 2006 வசந்தத்துக்குள்ளேயே தண்ணீர் குறித்த மட்டத்தை, அதாவது கடல்மட்டத்துக்கு மேல் 42 மீட்டரை, தொட்டுவிட்டது.

ஆனால் அந்தக் கடலைக் காப்பாற்றியதில் பெரிய பங்கு அணை தடுத்து நிறுத்திய தண்ணீருக்கு இல்லை, அணை வெளியே விட்ட தண்ணீருக்கு. நம் கண்மாய்க்காரர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். மிச்சத் தண்ணீர் வழிய விடும் கலுங்கு இல்லாமல் யாரும் கண்மாய் கட்ட மாட்டார்கள், கரை உடையாமல் இருக்க அப்படி வழிந்தோடும் மறுகால் வேண்டும். ஆரலில் மறுகாலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, உப்பை வெளியேற்றுவது.

ஆற்றுத் தண்ணீர் நன்னீர்தான் என்றாலும் லிட்டருக்கு ஒரு கிராம் சுமாருக்கு உப்பைக் கரைத்துக்கொண்டுதான் வருகிறது, மேலே வயல்களைக் கழுவிய வடிகால் தண்ணீரும் அதில் சேர்கிறது. ஏரிக்குள் வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு போகாது. வாசல் இல்லாத ஏரியில் வருடா வருடம் உப்பு சேர்ந்துகொண்டேதான் இருக்கும். 1960ல் லிட்டருக்குப் பத்து கிராமாக இருந்த உப்பு, 1980களின் கடைசியில் முப்பது கிராமை நெருங்கியது, முட்டையும் குஞ்சும் தாங்காமல் அந்த ஏரிக்கே உரிய மீன்கள் அழிந்தன. இப்போது ஒரு மறுகால் வையுங்கள். வெளியே போகிற ஒவ்வொரு லிட்டரும் ஏரியில் உள்ள அளவுக்கு உப்பைத் தூக்கிக்கொண்டு போகும். உள்ளே வருகிற உப்பும் வெளியே போகிற உப்பும் சமமாகிற வரை ஏரி இனித்துக்கொண்டே வரும். கடைசியில் எங்கே நிற்கும் என்பதற்குக் கணக்கு ரொம்ப எளிது: ஆற்றின் உப்பை, உள்ளே வரும் தண்ணீரால் பெருக்கி, வெளியே போகும் தண்ணீரால் வகுக்க வேண்டும். வருடத்துக்கு 5 கன கிலோமீட்டர் வருகிறது, 3 ஆவியாகிறது, 2 வழிகிறது என்று வைத்துக்கொண்டால், ஏரி ஆற்றைப்போல் இரண்டரை மடங்கு உப்போடு நின்றுவிடும். பத்திருபது வருடம் பிடிக்கும் வேலைதான், ஆனால் ஒரு பம்பு கிடையாது, ஒரு மருந்து கிடையாது, ஆறே கழுவிவிடுகிறது. இந்த ஒரு வகுத்தல் கணக்கைப் பள்ளிப் புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்பேன்.

மீன்கள் அதை உடனே உறுதி செய்தன. உப்பு கூடிய காலத்தில் அசோவ் கடலிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு தட்டை மீன் மட்டும்தான் வலையில் விழுந்துகொண்டிருந்தது. உப்பு இறங்கியதும் ஆற்றில் ஒதுங்கிப் பிழைத்திருந்த கெண்டை வகைகளும் சூடாக் என்று அங்கே சொல்லும் மீனும் திரும்பிவந்தன. நூறு கிலோமீட்டர் விலகிப்போயிருந்த கடல், பழைய துறைமுகமான ஆரல்ஸ்க் ஊருக்கு இருபது கிலோமீட்டர் அருகில் வரை வந்தது.

குறையும் இருக்கிறது. சிர் தாரியாவின் முகத்துவாரம் கொகரல் அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வரத்துக்காலும் கலுங்கும் அடுத்தடுத்து அமைந்த கண்மாய் என்று சொல்லலாம். வந்த நன்னீரில் ஒரு பகுதி கடலைச் சுற்றாமலேயே வெளியே போய்விடுவதால், மேற்குக் கோடியில் உள்ள புத்தாகோவ் விரிகுடாவில் உப்பு இன்னும் கூடுதலாகவே இருக்கிறது. ஆற்றை வடக்கே திருப்பி ஆரல்ஸ்க் பக்கமாக உள்ளே விடலாம் என்று ஒரு யோசனை உண்டு, எனக்கு அது பிடித்திருக்கிறது.

தெற்குக் கடலுக்கு ஏன் இதைச் செய்யவில்லை? அதன் கிழக்குப் பகுதி அகலமாக, ஆழமில்லாமல் விரிந்து கிடந்தது, அதாவது ஆவியாவதற்கென்றே அமைந்த வடிவம். ஆமு தாரியா கடலைத் தொடுவதே அரிதாகிவிட்டது. 2014ல் அந்தப் பகுதி முழுதாக வற்றியது. மேற்கே ஒடுங்கலான, ஆழமான பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நிற்கிறது, சமுத்திரத்தைவிடப் பல மடங்கு உப்பு, அதில் ஆர்ட்டீமியா என்ற பொடி இறால்தான் வாழ்கிறது. உப்புப் புழுதி பறக்காமல் இருக்க, காய்ந்த தரையில் சாக்சால் மரங்களை நடுகிறார்கள். ஆமு தாரியாவிலிருந்து ஆப்கானிஸ்தானும் 2022 முதல் குஷ் தெபா என்ற பெரிய கால்வாயை வெட்டிக்கொண்டிருக்கிறது, உஸ்பெகிஸ்தானும் துர்க்மெனிஸ்தானும் கால்வாய்க் கசிவை அடைத்து, பருத்திக்குப் பாயும் தண்ணீரைக் குறைத்தாலொழிய தெற்கைப் பற்றிப் பேசவே முடியாது.

வடக்கிலும் அணை மட்டும் போதாது. சிர் தாரியாவின் தலைப்பகுதியில், கிர்கிஸ்தானில், டோக்டோகுல் என்ற பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. அவர்களுக்கு மின்சாரம் குளிர்காலத்தில் வேண்டும், கீழே உள்ளவர்களுக்குத் தண்ணீர் கோடையில் வேண்டும். குளிர்காலத்தில் திறந்துவிட்டால் கீழே பனி உறைந்த ஆற்றில் அது போக இடமில்லாமல் வெள்ளமாகும், அல்லது வழியில் உள்ள அர்னசாய் பள்ளத்துக்குப் போய்விடும். ஆற்றின் வாய்க்கால்களையும் மதகுகளையும் பழுது பார்த்த பிறகுதான் கடலுக்கு வரத்து கூடியது.

இப்போது கொகரல் அணையை இன்னும் உயர்த்த வேண்டும் என்று பேசுகிறார்கள். ஆரல்ஸ்க்காரர்களின் ஆசை புரிகிறது, கடல் துறைமுகத்துக்கே வந்துவிடும். ஆனால் அதே வகுத்தலைப் போட்டுப் பாருங்கள். மட்டம் ஏறினால் பரப்பு விரியும். 1,000 சதுர கிலோமீட்டர் கூடினால், மழையைக் கழித்தபின் ஆவியாவது 3லிருந்து 3.9 ஆகும், வழிவது 2லிருந்து 1.1 ஆகக் குறையும், உப்பு ஆற்றைப்போல் இரண்டரை மடங்கிலிருந்து நாலரை மடங்குக்குப் போகும். வரத்துக் குறைந்த வருடங்கள் தொடர்ந்து வந்தால் மறுகால் நின்றேபோகும், ஏரி மறுபடி வாசல் இல்லாத ஏரியாகிவிடும். அதனால் கரையை உயர்த்துவதற்கு முன்னால் டோக்டோகுலிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு கால்வாயிலும் எவ்வளவு தண்ணீரை மிச்சம் பிடிக்க முடியும் என்பதை அளந்து சொல்லிவிட வேண்டும், மட்டத்தை அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.