ஊரே இல்லாத இடத்தில் எதை அளப்பது?

செக் நாட்டின் மோஸ்ட் நகரில் இருந்த பழைய தேவாலயத்தை 1975-இல் தண்டவாளத்தின் மேல் வைத்து 841 மீட்டர் நகர்த்திக் காப்பாற்றினார்கள். அதைச் சுற்றியிருந்த பழைய நகரமோ நிலக்கரிக்காக இடிக்கப்பட்டது. அந்தத் தேவாலயத்தை இன்று லேசர் கருவியால் மில்லிமீட்டர் துல்லியத்தில் ஸ்கேன் செய்யலாம். ஆனால் அது எந்தத் தெருவைப் பார்த்து நின்றது, பக்கத்தில் யார் குடியிருந்தார்கள் என்பதை லேசர் சொல்லாது. சுரங்க நிலங்களின் மரபை டிஜிட்டலில் பதிவு செய்யும் எங்களுக்கு அன்றாடம் எதிர்ப்படும் சிக்கல் இதுதான்.

மற்ற இடங்களில் கட்டடம் போனாலும் அஸ்திவாரமாவது மண்ணுக்குள் மிஞ்சும். திறந்தவெளிச் சுரங்கத்தில் அந்த மண்ணே மிஞ்சாது. கிழக்கு ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் பழுப்பு நிலக்கரிக்காக 130-க்கும் மேற்பட்ட ஊர்கள் முழுமையாகவோ பகுதியாகவோ அழிந்தன. அவற்றில் பல, சோர்பு என்னும் சிறுபான்மை மக்களின் ஊர்கள். தோண்டிய குழிகள் பல இன்று ஏரிகளாகிவிட்டன. கரையில் நிற்பவருக்கு அங்கே ஓர் ஊர் இருந்த தடயமே தெரியாது.

நிலத்தடிச் சுரங்கத்தின் சங்கடம் வேறு. அங்கே மேலே இருக்கும் தரையே தாழ்கிறது. ஜெர்மனியின் ரூர் நிலக்கரிப் பகுதியில் சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. பழைய வரைபடத்தின் உயரத்தை இன்றைய ட்ரோன் அளவோடு அப்படியே பொருத்தினால் கணினியில் நாங்கள் உருவாக்கும் முப்பரிமாண மாடல் பொய்யாகிவிடும். அதனால் ஒவ்வோர் அளவோடும் அதை எடுத்த தேதியையும் குறித்தே ஆக வேண்டும். சுரங்கத்துக்குள் ஜிபிஎஸ் எட்டாது. மூடிய பிறகு பம்புகளை நிறுத்திவிட்டால் நீர் ஏறிவிடும். உள்ளே அளக்க வேண்டியதை, மூடுவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும்.

போன ஊரை மீட்டெடுக்க எங்களுக்குக் கைகொடுப்பவை பழைய வான்படங்கள். நில அளவைக்காக விமானத்திலிருந்து எடுத்த படங்களில் ஒன்றின் பரப்பு அடுத்ததிலும் பாதிக்கு மேல் வரும். அந்த மேற்பொருந்தலை வைத்து, தோண்டப்படுவதற்கு முன் இருந்த மேட்டையும் பள்ளத்தையும் முப்பரிமாணத்தில் திரும்பக் கணக்கிட முடிகிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த வேலை இது.

ஆனால் கூரையைக் காட்டும் வான்படம் சுவரின் நிறத்தைக் காட்டாது. அங்கேதான் ஊகம் நுழைகிறது. ஊகிப்பது குற்றமில்லை, அதை மறைப்பதுதான் தவறு. மரபிடங்களைக் கணினியில் காட்சிப்படுத்துவதற்கான நெறிமுறையாக 2006-இல் உருவான லண்டன் சாசனம் இதை வலியுறுத்துகிறது: எது ஆதாரம், எது அனுமானம் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். அளந்த சுவருக்கு ஒரு நிறம், படத்திலிருந்து பெற்றதற்கு இன்னொன்று, ஊகித்ததற்கு மங்கலான சாம்பல் என்று பிரித்துக் காட்டினாலே போதும். பளபளப்பான மாடலைக் கேட்பவர்களுக்கு இது பிடிக்காது. நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. இன்று ஊகித்து வைத்த சன்னலை நாளை ஒருவர் ஆதாரமாக எடுத்துக்கொள்வார்.

இன்னொரு வருத்தமும் உண்டு. தேவாலயத்தையும் சுரங்க வாயில் கோபுரத்தையும் எல்லோரும் பதிவு செய்கிறார்கள். ஷிப்ட் முடிந்து தொழிலாளர்கள் குளித்த கூடம், வரிசை வீடுகள், கழிவுமேட்டை ஒட்டிய ஒற்றையடிப் பாதை ஆகியவற்றை யாரும் அளப்பதில்லை. நிலத்தைச் சீரமைக்க வரும் இயந்திரங்கள் முதலில் சமன்படுத்துவதும் இவற்றைத்தான். இங்கே என்ன நடந்தது என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கோ வயதாகிக்கொண்டிருக்கிறது. ஸ்கேனரோடு ஒலிப்பதிவுக் கருவியையும் எடுத்துச் செல்லுங்கள். முடிந்தால் அவர்களை அந்த இடத்திலேயே நடக்கவைத்துப் பேசவிடுங்கள்.

சுரங்கத்தில் வேலை செய்த குடும்பங்களிடம் ஒரு வேண்டுகோள். கல்யாணப் படத்தின் பின்னணியில் பாதி தெரியும் வீடுகூட எங்களுக்கு அளவுகோல்தான். கதவின் உயரம் தெரிந்தால் அதை வைத்து மற்ற அளவுகளைக் கணிக்கலாம். படத்தை வெட்டாமல், ஓரங்களோடு முழுதாக ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். பெயரும் ஆண்டும் பெரும்பாலும் அங்கேதான் எழுதியிருக்கும்.