டிரெய்லரின் இடப்பக்கத்தில் தெரியும் அந்த இடைவெளி

பயிற்சிக்கு வரும் ஓட்டுநர்களுக்கு முதல் நாளே ஒன்றைக் காட்டிவிடுவேன். யார்டில் சுண்ணாம்புத் தூளால் பெரிய வட்டம் போட்டு, 40 அடி டிரெய்லரின் பின் டயர்களில் தண்ணீர் ஊற்றுவோம். முன் சக்கரம் கோட்டின் மேலேயே சுற்றி வரவேண்டும். இறங்கிப் பார்த்தால் பின் டயரின் ஈரத்தடம் எட்டு, பத்து அடி உள்ளே தள்ளிக் கிடக்கும். வட்டம் சிறிதானால் இன்னும் உள்ளே போகும்.

ரவுண்டானாவிலும் இதேதான். நடுத்திட்டை ஒட்டியே ஒடித்தால் பின் டயர் அதன் மேல் ஏறிவிடும். ஆகவே வெளிப்பக்கமாக அகலம் எடுத்து, சாலையின் இரண்டு தடத்தையும் பிடித்துக்கொண்டுதான் சுற்றுவோம். வெளியேற இடப்பக்கம் திரும்பும்போதும் முன்பகுதியைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளியே கொண்டுபோவோம். அப்போது இடப்பக்கம் ஒரு இடைவெளி தெரியும். பைக்கில் வருகிறவர் அதை வழி என்று நினைத்து நுழைகிறார். அது என் பின் டயர்கள் வரப்போகிற இடம்.

ஒரு மாலை எனக்கே அது நடந்தது. கணவன், மனைவி, நடுவில் ஒரு குழந்தை. வண்டி மடங்கியதால் இடப்பக்கக் கண்ணாடியில் கன்டெய்னர் சுவர் மட்டும்தான் தெரிந்தது. கிளீனர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக் கதவைப் படபடவென்று தட்டியதால் நிறுத்தினேன். பைக்குக்கும் டயருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அந்தக் குழந்தையின் முகம் இன்னும் மறக்கவில்லை.

வேகம் இன்னொரு ஆபத்து. வேகம் இரண்டு மடங்கானால் வண்டியை வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும். உயரமாகப் பாரம் ஏற்றிய டிரெய்லருக்குச் சின்ன ரவுண்டானாவில் 30 கிலோமீட்டர் வேகமே கவிழ்த்துவிடப் போதும். 15-ஐத் தாண்டாதீர்கள் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். பாதி நிரம்பிய டேங்கர் என்றால் உள்ளே திரவம் அலைமோதும், இன்னும் மெதுவாகப் போகவேண்டும். கிளம்பும் முன், டிரெய்லரை முன்வண்டியோடு பூட்டும் கிங் பின்னையும் அதைத் தாங்கும் இணைப்புத் தட்டையும் குனிந்து பாருங்கள். 2025 ஜனவரி 3 அதிகாலை கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில், 18 டன் சமையல் எரிவாயுவோடு வந்த டேங்கர் திரும்பும்போது இணைப்பு உடைந்துதான் கவிழ்ந்தது. வாயு கசிந்து, சுற்றியிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விடவேண்டியதாயிற்று.

ரவுண்டானாவுக்குள் ஏற்கெனவே இருக்கும் வண்டிக்கே முன்னுரிமை என்கிறது 2017-இன் வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறை. பாரம் ஏற்றிய டிரெய்லர் நகர நேரமாகும், அதற்குப் பெரிய இடைவெளி வேண்டும். வாயிலில் ஒருவர் காத்து நிற்கும்போது பின்னாலிருந்து ஹாரன் அடித்து அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

பைக்கில் வருகிறவர்களே, ரவுண்டானாவில் டிரெய்லருக்குப் பக்கத்தில் எந்தப் பக்கமும் வரவேண்டாம். நன்றாகப் பின்தங்கி, அது முழுதாக நிமிர்ந்து வெளியேறும் வரை பொறுங்கள்.

வண்டி முதலாளிகளிடம் ஒரு வேண்டுகோள். செலவு மிச்சம் என்று இப்போது பல டிரெய்லர்களில் கிளீனரை எடுத்துவிட்டார்கள். ஊருக்குள் வரும் வண்டியிலாவது இடப்பக்கம் பார்க்க ஒரு ஆளை அனுப்புங்கள். அன்று என் வண்டியில் அந்தத் தம்பி இருந்தான்.